பதினாறு வயசுக் குதிரையும் ஒரு ஆர்.டி. கணக்கும்

குதிரை வாங்கப்போறேன்னு சொன்னதும் ஆபீஸ்ல வந்த முதல் கேள்வி, "எந்த ரேஸ்ல சார் ஓடுது?" ரெண்டாவது கேள்வி, "விஜிலன்ஸுக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களா?" பேங்க்காரனும் குதிரையும் ஒரே வரியில வந்தா மக்களுக்கு ரேஸ் கோர்ஸ் தவிர வேற எதுவும் தோணாது போல. அதுவும் ஸ்ரீராம்புரத்துல குடியிருக்கிறவன் சொன்னா கேக்கவே வேணாம், ரேஸ் கோர்ஸ் இங்கேருந்து ஸ்கூட்டர்ல போய் வர்ற தூரம்தான்.

தங்கமணி மட்டும்தான் சரியான கேள்வி கேட்டாங்க. "எங்க கட்டுவீங்க?"

லாயத்துல ஒரு குதிரைக்கு 12க்கு 12 அடி இடம் வேணும்னு கணக்கு. எங்க வீட்டு ஹால் 11க்கு 10. தெருவோ, எதிர்ல ஒரு ஆட்டோ வந்தா ஸ்கூட்டர்காரர் யாரோ ஒருத்தர் வீட்டு வாசப்படியில ஏறி நிக்கணும். குதிரை ஒரு நாளைக்கு 30 லிட்டருக்குக் குறையாம தண்ணி குடிக்கும். கிட்டத்தட்ட 20 கிலோ லத்தி போடும். 2024 கோடையில இந்த ஊர்ல குடத்தோட லாரிக்குக் காத்து நின்னவங்களுக்கு அந்த 30 லிட்டரோட அர்த்தம் புரியும். ஆக, குதிரை வீட்டுல இல்லை. ஊருக்கு வடக்கே, ஹெசரகட்டா பக்கம் ஒரு லாயத்துல.

இந்த ஆசை எப்படி வந்ததுன்னு கேட்டா, பொண்ணாலதான். ரெண்டு வருஷம் ஞாயித்துக்கிழமை காலையில அவளைக் குதிரை கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போய், வேலி ஓரமா பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். ஒரு நாள் வாத்தியார் (நம்ம மகன் வயசுப் பையன்) "சும்மாதானே உக்காந்திருக்கீங்க சார், ஏறிப் பாருங்க"ன்னு ஒரு கிழட்டுக் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினான். பேரு அப்பு. இந்த ஊர்ல அப்புன்னு பேர் வெச்சா யாரும் கையோங்க மாட்டாங்க, புனீத் ராஜ்குமார் பேராச்சே. அப்பு பத்தடி நடந்தது, நின்னது, திரும்பி என் முழங்காலை மோந்து பார்த்தது, மறுபடி நடந்தது. பொண்ணு பத்தாங்கிளாஸ் வந்ததும் நிறுத்திட்டா. நான் நிறுத்தலை.

எனக்கு வயசு 46. சர்க்கரை உண்டு. ஆபீஸ் ஆணிகளைப் பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு வலியும் உண்டு. எனக்கு வேண்டியது தாண்டற குதிரை இல்லை, ஓடற குதிரையும் இல்லை. யூகலிப்டஸ் தோப்பு ஓரமா முக்கால் மணி நேரம் நடக்கணும், நடுவுல கொஞ்சம் ட்ராட் போகணும், லாரி ஹாரன் அடிச்சா துள்ளக்கூடாது, அவ்வளவுதான். வெளிநாட்டுல இந்த மாதிரிக் குதிரையை 'ஸ்கூல்மாஸ்டர்'னு சொல்றாங்க. பேருக்கேத்த மாதிரி, எத்தனையோ மக்குப் பசங்களை முதுகுல சுமந்து பொறுமை கத்துக்கிட்ட குதிரை.

இந்த வருஷம் லாயக்காரர், நிலத்தோட குத்தகை முடியுது, குதிரைகளைக் கொடுத்துட்டு ஊருக்குப் போறேன்னார். இளங்குதிரைகளுக்கு உடனே ஆள் வந்தாச்சு. அப்புவுக்கு வந்தது ரெண்டே பேர். ஒருத்தர் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை விடறவர். பேண்டு செட்டு, வெடி, ராத்திரி முழுக்கத் தார் ரோடு. இன்னொருத்தர் நான்.

உடனே கையெழுத்துப் போட்டுடலை. பி.காம். படிச்சவன் மூணு இடத்துலயாவது கொட்டேஷன் வாங்காம எதையும் வாங்க மாட்டான். நம்ம மாதிரி ஊரை விட்டு வந்து பொழைக்கிற குடும்பங்களுக்கு இதுல யோசிக்க நிறைய இருக்கு, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

எங்க ஊர் மேலூர். பக்கத்துலதான் திருவாதவூர், மாணிக்கவாசகர் பொறந்த ஊர். பாண்டிய ராஜா குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில கோயிலுக்குச் செலவு பண்ணிட்டார்னு கதை கேட்டு வளர்ந்தவங்க நாங்க. ஒதுக்கின தலைப்பை விட்டு வேற தலைப்புல செலவு! எங்க ஆடிட்டர் யாரும் அதை ஒத்துக்க மாட்டார். நரியைப் பரியாக்கித் தர ஆள் இருந்ததால அவர் தப்பிச்சார், நமக்கு அந்த வசதி கிடையாது. மத்தபடி எங்க பக்கம் குதிரைன்னா புரவி எடுப்புக்கு அய்யனார் கோயில்ல கொண்டுபோய் வைக்கிற மண் குதிரைதான். கொள்ளு கேக்காது, லாடம் கேக்காது.

கதை அது. 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வெச்சது வேற. இந்த ராஜாக்கள் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளைக் கப்பல்ல இறக்கறாங்க, ஆனா பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாம அதுல பெரும்பகுதி செத்துப்போகுது, மறு வருஷம் மறுபடி வாங்கறாங்கன்னு சொல்றார். வாங்கறதுக்கு பட்ஜெட் இருந்தது, வெச்சுக்கறதுக்கு இல்லை. எழுநூறு வருஷம் கழிச்சு ஹெசரகட்டாவிலயும் இதே கதைதான் நடக்குதுங்கறதை விசாரிக்க ஆரம்பிச்ச மூணாவது வாரமே தெரிஞ்சுக்கிட்டேன்.

முதல் கொட்டேஷன் ரேஸ் கோர்ஸ் பக்கத்துலேருந்து. எங்க தெருக்கோடி வீட்டுப் பெரியவர் அங்க முப்பது வருஷம் சயிஸா இருந்தவர். அவங்க அப்பா மில் வேலைக்கு வந்து ஸ்ரீராம்புரத்துல தங்கினவர், மகன் குதிரைக்குப் போயிட்டார். "ஐயா, ரேஸ்லேருந்து ரிட்டயர் ஆன குதிரை சல்லிசா கிடைக்குமாமே"ன்னு கேட்டேன். சிரிச்சார். "சல்லிசு இன்னா சார், சும்மாவே குடுப்பாங்க. ஆனா அது உங்களை வெச்சுக்காது."

அவர் சொன்னதுல விஷயம் இருக்கு. ரேஸ் குதிரை ரெண்டு வயசுலயே ஓட ஆரம்பிச்சுடும். பெரும்பாலானதுக்கு ஏழெட்டு வயசுக்குள்ள அந்த வாழ்க்கை முடிஞ்சுடும். குதிரை நல்லா இருந்தா 25, 30 வயசு வரைக்கும் இருக்கும், அதனால 'ரிட்டயர்டு'ன்னு நாம சொல்றது உண்மையில வாலிபக் குதிரை. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, முன்னால இருக்கறதை முந்தணும். கடிவாளத்தை இழுத்தா நிக்கணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரலை, இழுத்துப் பிடிச்சா இன்னும் வேகமா சாஞ்சு ஓடத்தான் பழக்கியிருப்பாங்க. அதை மாத்திப் பழக்க அனுபவம் உள்ளவங்களுக்கே மாசக்கணக்கில ஆகும். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக்கூடாதுன்னு நம்ம ஊர்ல சொல்வாங்க. சும்மா வர்ற குதிரையைப் பல், கால், கண்ணு எல்லாத்தையும் பார்க்கணும், ஏன்னா இலவசம் வாசலோட முடிஞ்சுடும்.

அடுத்த கொட்டேஷனுக்கு ஆடி மாசம் அந்தியூர் போனேன். ஈரோடு மாவட்டம், குருநாதசுவாமி கோயில் தேர்த் திருவிழா. குதிரைச் சந்தைக்குப் பேர் போன இடம். காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணையொண்ணு தொடற மார்வாரி, கத்தியவாரி, நாட்டு மட்டம் எல்லாம் வரிசையா நிக்குது. ஒரு பக்கம் மேளத்துக்கு ஆடற நாட்டியக் குதிரை, அதைச் சுத்திக் கூட்டம். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, பொண்ணு போன் பூரா வீடியோ. ஆனா எனக்கு வேண்டிய சரக்கு அங்க இல்லை. சந்தைக்கு யாரும் கிழட்டுச் சாதுவை ஏத்திட்டு வர்றதில்லை. நாலு பேர் பார்க்கத் துள்ளினாத்தான் விலை. துள்ளாத குதிரை எனக்கு வேணும்னா ஒரு வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்துட்டு, "அண்ணா, உங்களுக்கு ஸ்கூட்டியே போதும்"னார்.

அவர்கிட்டதான் சுழி விஷயம் கேட்டேன். உடம்புல முடி எங்கெங்க சுழிச்சிருக்குன்னு பார்த்துத்தான் அங்க விலையே பேசறாங்க. சுழி சரியில்லைன்னா எவ்வளவு நல்ல குதிரைன்னாலும் விலை இறங்கிடுமாம். என் வணிகவியல் மூளைக்கு இது ஜாக்பாட்டாத் தெரிஞ்சது. காலுக்கும் மூச்சுக்கும் சம்பந்தமே இல்லாத காரணத்துக்கு விலை குறையுதுன்னா அது வாங்கறவனுக்கு லாபம்தானே? "சுழி கெட்ட, வயசான, சாதுவான குதிரை இருக்கா?" பக்கத்துல இருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க. தங்கமணி கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க.

கடைசியில திரும்ப அப்புகிட்டதான் வந்து நின்னேன். லாயக்காரர் ஒன்றரை லட்சம் சொன்னார்.

வயசான குதிரைன்னா உபயோகம் இல்லாததுன்னு யாரும் நினைக்க வேணாம். நம்ம பெங்களூருப் பையன் ஃபவாத் மிர்ஸா 2018 ஆசிய விளையாட்டுல தனிநபர் வெள்ளி வாங்கினாரே, அந்தக் குதிரை செய்ன்யோர் மெடிகாட் 2006ல பொறந்தது. 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லயும் அதே குதிரைதான், அப்ப அதுக்கு 15 வயசு. ஓட்டம், தாண்டல் எல்லாம் முடிச்சு 23ஆவது இடம். 15 வயசுல அது ஒலிம்பிக்ஸ் போகுதுன்னா, 16 வயசுல அப்பு என்னைத் தோப்பைச் சுத்திக் கூட்டிட்டுப் போகாதா? (ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மருத்துவர் குழுவையும் பயிற்சியையும் நான் வசதியா மறந்துடறேன்.)

அப்புவும் ரேஸ் குதிரைதான் ஒரு காலத்துல. அதுல ஒரு வசதி, வயசுல ஏமாத்த முடியாது. தரோபிரட் குதிரைன்னா புனேயில இருக்கிற ஸ்டட் புக் அலுவலகத்துல பிறப்பு பதிவாகி இருக்கும், பாஸ்போர்ட் உண்டு. அது இல்லாத குதிரைன்னா பல்லைத்தான் நம்பணும். மேல் கடைவெட்டுப் பல்லுல பத்து வயசு வாக்குல ஒரு பள்ளக் கோடு ஈறுகிட்ட ஆரம்பிக்கும், 15 வயசுல பாதிப் பல்லுக்கு வரும், 20ல முழுப் பல்லுக்கும் இறங்கிடும். இது தோராயம்தான், கூடக் குறைய ரெண்டு மூணு வருஷம் வித்தியாசம் வரும்.

வயசை விடக் கஷ்டம், குதிரை நிஜமாவே சாதுவான்னு கண்டுபிடிக்கறது. தெருக்கோடிப் பெரியவரை ஒரு நாள் கூட்டிட்டுப் போனேன். அவர் சவாரி பண்ணச் சொல்லவே இல்லை. கொள்ளு வாளியை எடுத்து ஒரு தட்டு தட்டினார். அப்பு காதை முன்னால நீட்டி, கழுத்தை வெளியே விட்டு, கால் மாத்தி நின்னது. "இது சாது. அடுத்த கொட்டடியில பாரு தம்பி." அங்க ஒரு குதிரை தலையைத் தொங்கப்போட்டு நின்னது, வாளிச் சத்தத்துக்குக் காதுகூட அசையலை. "அது சாது இல்ல, சீக்கு." சர்ரான்னு ஒரு நோய், ஈ கடிச்சுப் பரவறது, ரத்தம் சுண்டிப் போய்க் குதிரை அப்படியே அடங்கிடும். தெரியாதவன் பார்த்தா ஆஹா, என்ன அமைதின்னு வாங்கிட்டுப் போவான். வலிமருந்து கொடுத்து நொண்டலை மறைக்கிறதும் உண்டு, மயக்க மருந்து கொடுத்துத் துள்ளலை மறைக்கிறதும் உண்டு. நாம வர்றோம்னு தெரிஞ்ச அன்னிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஓட்டிக் களைக்க வெச்சுடறதும் உண்டு. அதனால சொல்லாம போகணும், ரெண்டு மூணு தடவை போகணும், ஒரு தடவையாவது குதிரையைக் கொட்டடியிலேருந்து பிடிச்சுட்டு வர்றதுலேருந்து சேணம் கட்டற வரைக்கும் நின்னு பார்க்கணும். கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்னு பழமொழி சும்மாவா வந்தது!

பெரியவர் பார்த்தாச்சுன்னு டாக்டரை விட்டுடக்கூடாது. விக்கிறவரோட வழக்கமான டாக்டரா இல்லாம வேற ஒருத்தரா இருக்கணும், கடன் கொடுக்கும்போது வீட்டு மதிப்பீட்டைக் கடன் கேக்கறவர் மச்சான்கிட்ட வாங்க மாட்டோமே, அந்த மாதிரி. இங்கிலாந்துல இதை அஞ்சு கட்டமாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. நின்ன நிலையில பரிசோதனை, நடக்க விட்டு, ஓட விட்டு, ஓய்வு கொடுத்து, மறுபடி ஓட விட்டு. எங்க டாக்டரும் கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சார். முன்னங்காலை மடிச்சு ஒரு நிமிஷம் பிடிச்சுட்டு விட்டதும் ட்ராட் போகச் சொன்னார். இடது கால்ல முதல் நாலு எட்டு சின்னத் தயக்கம். கணுக்கால் மூட்டுல தேய்மானம். ரத்தம் எடுத்து சர்ராவுக்கும் வலிமருந்துக்கும் பார்த்தாச்சு. கிளாண்டர்ஸ் பரிசோதனைச் சான்றிதழ் கேட்டு வாங்கினோம். அது மனுஷனுக்கும் தொத்தற வியாதி, அதுல சமரசம் கிடையாது. பல் ராவணும்னார். தீர்ப்பு: வாரம் நாலு நாள், முக்கால் மணி நேரம், மெது சவாரி, தாண்டல் கூடாது.

"அப்புறம் சார், உங்க வெயிட் என்ன?"

சேணத்தோட சேர்த்து, குதிரை எடையில 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுன்னு பொதுவா ஒரு அளவு. அப்பு 450 கிலோ. நான் 82, சேணம் 8. மிகச் சரியா 90, எல்லைக்கோட்டுல நிக்கறேன். மூட்டுத் தேய்ஞ்ச குதிரைக்கு இன்னும் குறைக்கணும், 75க்கு வந்துட்டு ஏறுங்கன்னுட்டார். சர்க்கரை டாக்டர் மூணு வருஷமாக் கெஞ்சினது நடக்கலை, குதிரை டாக்டர் சொன்னதும் ராத்திரிச் சோறு நின்னு கோதுமை தோசை வந்தாச்சு.

மூட்டு விஷயத்தை வெச்சுப் பேரம் பேசினதுல விலை 90,000ல நின்னது. இப்ப கணக்குக்கு வருவோம். இதெல்லாம் எங்க லாயத்துக் கணக்கு, உங்க ஊர்ல விசாரிச்சு உங்க எண்ணைப் போட்டுக்குங்க.

அப்பு போகப்போற புது லாயத்துல தீவனம், கொட்டடி, சயிஸ் எல்லாம் சேர்த்து மாசம் 24,000. வருஷத்துக்கு 2,88,000. லாடம் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை மாத்தணும், தடவைக்கு 2,500 வெச்சா வருஷத்துக்கு ஒன்பது தடவை, 22,500. தடுப்பூசி, குடல்புழு மருந்து, பல், டாக்டர் வருகைக்கு 20,000. மொத்தம் வருஷத்துக்கு 3,30,500. இன்னும் நாலு வருஷம், 20 வயசு வரைக்கும் சவாரின்னு வெச்சுக்கிட்டா 13,22,000.

எல்லாரும் இங்க கணக்கை மூடிடறாங்க. லாயக்காரரும் இதோட மூடித்தான் காட்டினார். 20 வயசுக்கு அப்புறம்? குதிரை அன்னிக்கே காணாமப் போயிடுமா? 25 வயசு வரைக்கும் சவாரி இல்லாம சும்மா மேயும். மேய்ச்சல் இடம் மட்டும் வாடகைக்கு எடுத்து, லாடம் கழட்டிட்டு, பல்லுக்கேத்த ஊறவெச்ச தீவனம் போட்டா மாசம் 14,000 ஆகும். அஞ்சு வருஷத்துக்கு 8,40,000. ஆக விலையையும் சேர்த்து 22,52,000. அதுல நான் பேரம் பேசின 90,000 எத்தனை சதவீதம்? நாலு. விலைவாசி ஏத்தத்தைச் சேர்க்கவே இல்லை. வயித்து வலி வந்தா என்ன ஆகும்ங்கறதையும் சேர்க்கலை. குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதனால சாதாரண வயித்து வலியே உயிருக்கு வந்துடும். அதுக்குன்னு ஒன்றரை லட்சம் தனியா எடுத்து வெச்சாகணும்.

பேங்க் பாஷையில சொன்னா, அந்த எட்டு லட்சத்து நாப்பதாயிரம் ஒரு கடன் பொறுப்பு, வாங்கற அன்னிக்கே புத்தகத்துல ஏறணும். ஏத்தாம வாங்கறவங்க 20 வயசுல 'நல்ல வீடு' தேடறாங்க. அப்புறம் அது வண்டியில பூட்டப்படுது, இல்லைன்னா ரோட்டுல விடப்படுது. பெங்களூரு ஓரங்கள்ல குப்பை மேயற குதிரைகளைப் பார்த்திருப்பீங்க. பசியிலயும் தாகத்துலயும் தவிக்கும்னு தெரிஞ்சே பிராணியைக் கைவிடறது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். புகார் கொடுக்க அந்தக் குதிரை வராதுங்கறதுதான் வசதி.

சிட்னியிலயும் டல்லாஸ்லயும் இருக்கிற நம்மாட்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். அங்க வாடகைக்கு மேய்ச்சல் நிலம் தாராளம், ஆள் கூலிதான் எட்டாது, அதனால லத்தி அள்ளறதுலேருந்து எல்லாம் நாமே. இங்க ஆள் இருக்காங்க, நிலம்தான் இல்லை. ஆனா ரெண்டு ஊர்லயும் கடைசி அஞ்சு வருஷம் ஒண்ணுதான்.

தனியா என்னால முடியாது. வீட்டுக் கடன் ஓடுது, பொண்ணு காலேஜ் வரப்போகுது, ஊருக்கு மாசாமாசம் அனுப்பறது முதல் வரியில இருக்கு. அதனால மூணு பேர் சேர்ந்தோம். பேரனுக்காக வர்ற ராஜாஜிநகர் ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தர், யஷ்வந்த்பூர்ல இருக்கிற திருநெல்வேலி தம்பதி, நான். செலவு ஆளுக்கு மாசம் 9,181 ரூபாய். அதோட, நாலு வருஷத்துல அந்த 8,40,000 சேர மூணு பேர் பேர்ல ஒரு ஆர்.டி., ஆளுக்கு 5,833. மொத்தம் மாசம் பதினஞ்சாயிரம். வாரம் ரெண்டு சவாரி வாடகைக்குப் போனா எட்டாயிரத்துல முடிஞ்சுடும், அதையும் எழுதி மூணு பேருக்கும் காட்டினேன். டீச்சரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "இது எதுக்கு சார் காட்டறீங்க, அப்புவைக் கல்யாணக்காரர்கிட்ட கொடுத்துடலாம்னா?"ன்னு கேட்டாங்க. தாளை மடிச்சு வெச்சுட்டேன்.

ஒப்பந்தம் நான்தான் எழுதினேன். லாபம் இல்லாத காரியம், அதனால 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்துக்குள்ள வராது, வெறும் கூட்டு உடைமைன்னு போட்டாச்சு. யாராவது டிரான்ஸ்பர் ஆனா ஆறு மாசப் பணம் கட்டிட்டுத்தான் விலகணும். சவாரி நின்ன பிறகும் பங்கு நிக்கக்கூடாது. ஒன்பதாவது வரியில தகராறு. எழுந்திரிக்க முடியாம, வலி தீராதுன்னு டாக்டர் சொல்ற நிலை வந்தா, ஊசி போட்டு முடிக்கற முடிவை யார் எடுக்கறது? பெரும்பான்மைன்னு எழுதினேன். டீச்சரம்மா படிச்சுட்டு, மத்த எல்லாப் பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டாங்க, அந்தப் பக்கத்தைத் தொடலை. "அப்ப வந்து பாத்துக்கலாம்"னாங்க. அப்ப வந்து பார்த்தா மூணு பேரும் அழுதுட்டு நிப்போம், குதிரை தரையில கிடக்கும், அதனாலதான் இப்பவே எழுதணும்ங்கறது என் கட்சி. அவங்க கட்சி எனக்கும் புரியுது. அந்தப் பக்கம் இன்னும் கையெழுத்தில்லாம என் பையில இருக்கு.

ஊர்லேருந்து தங்கச்சி போன் பண்ணினா. நேராவே கேட்டா. "ஏண்ணே, அம்மாவை இங்க தனியா விட்டுட்டு, அங்க கிழட்டுக் குதிரைக்கு பென்ஷன் போட்டிருக்கியாமே?"

சுருக்குன்னுதான் இருந்தது. அம்மாவைக் கூப்பிடாம இல்லை. "மூணாவது மாடியில, ஜன்னலைத் திறந்தா அடுத்த வீட்டுச் சுவரு, அங்க வந்து நான் என்ன செய்யப்போறேன்"னு மூணு வருஷமா ஒரே பதில். ஆனா அதைச் சொன்னா தங்கச்சி கேள்விக்கு பதில் ஆகாது. தினமும் வாசல் தெளிக்கறவ அவதான். அன்னிக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு நானே விவரம் எல்லாம் சொன்னேன். ஒன்பதாவது வரி உட்பட. எல்லாத்தையும் கேட்டுட்டு அம்மா கேட்டது: "பல்லு இருக்காடா அதுக்கு?"

"இருக்கும்மா. தேய்ஞ்சிருக்கு."

"அப்ப கொள்ளை அவிச்சுப் போடச் சொல்லு. அங்க என்ன விலைக்கு வாங்கறீங்க?"

போன வாரம் கலாசிபாளையத்துல பஸ் பார்சல் வந்திருக்குன்னு போன். போய்ப் பார்த்தா சாக்கு மூட்டை, வாயைச் சணல்ல தெச்சு, அம்மா கையெழுத்துல என் பேரு. பத்து கிலோ கொள்ளு, கல் பொறுக்கிச் சுத்தம் பண்ணினது. அதுக்கு மேல ஒரு பாலித்தீன் பையில ரெண்டு கிலோ தனியா, 'இது உனக்கு, சர்க்கரைக்கு நல்லது'ன்னு சீட்டு. சயிஸ் பையன் மூட்டையைத் தூக்கிப் பார்த்துட்டு, ராத்திரியே ஊறப்போடணும் சார், காலையில அவிச்சா ஆறறதுக்கு நேரம் ஆகும்னான். ஞாயித்துக்கிழமை என் முறை. சனிக்கிழமை சாயங்காலம் போய் ஊறவெச்சுட்டு வரணும்.